காபி குடிச்சா மறதி நோய் வராதாமே? அந்த 65 சதவீதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம்

எங்க பெரியப்பா வாழ்நாள் பூரா நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிச்ச மனுஷன். விடியக்காலைல ஒண்ணு, பேப்பர் வந்ததும் ஒண்ணு, மத்தியானத் தூக்கம் முடிஞ்சு ஒண்ணு, விளக்கு வச்சதும் ஒண்ணு. கடைசி ஆறு வருஷம் அவருக்கு டிமென்ஷியா. குடிச்சு வச்ச டம்ளர்ல நுரை கூட காஞ்சிருக்காது, பெரியம்மாவைப் பாத்து "என்ன, இன்னிக்கு காபியே வரல"ன்னு கேப்பார். அதனால எங்க குடும்ப வாட்ஸப் குரூப்புல "தினமும் காபி குடிச்சா ஞாபக மறதி நோய் வர்ற வாய்ப்பு 65 சதவீதம் கொறையும்"னு ஃபார்வர்டு வரும்போதெல்லாம் எனக்கு சிரிக்கறதா எரிச்சல் படறதான்னு தெரியாது. ஆனா அந்த 65 யாரோ அடிச்சு விட்ட நம்பர் இல்லைங்க, நெசமாவே ஒரு ஆராய்ச்சில வந்த நம்பர்தான். அது எங்க வந்துச்சு, எத்தனை பேரை வச்சு வந்துச்சு, அதுக்கப்புறம் அது என்ன ஆச்சுன்னு தெரிஞ்சா பேப்பர்ல வர்ற "இதைத் தின்னா அது வராது" டைப் செய்தி எல்லாத்தையும் எப்படிப் படிக்கணும்னு ஒரு பிடி கெடைச்சுடும், அதான் உக்காந்து எழுதறேன்.

மொதல்ல டிமென்ஷியான்னா என்னன்னு ரெண்டு வார்த்தை. அது ஒரே ஒரு நோயோட பேர் இல்ல. மூளை செல்லுங்க பழுதாகி ஞாபகம், யோசனை, பேச்சு, அன்றாட வேலை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கழண்டு போற நெலைமைக்கு மொத்தமா வச்ச பேர். அதுல 60லேர்ந்து 70 சதவீதம் அல்சைமர், மிச்சத்துல மூளை ரத்தக்குழாய் கெட்டுப் போயி வர்றது மாதிரி பல வகை இருக்கு. சாம்பார்ல உப்பு போட்டோமா இல்லையான்னு மறந்து ருசி பாக்கறது வயசு. நாப்பது வருஷமா வச்ச சாம்பாரை எதுலேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே புரியாம அடுப்பு முன்னாடி நிக்கறது டிமென்ஷியா. உலக சுகாதார நிறுவனம் 2021 கணக்குப்படி உலகத்துல 5 கோடியே 70 லட்சம் பேருக்கு இருக்குன்னு சொல்லுது, இந்தியாவுல 60 வயசுக்கு மேல இருக்கறவங்கள்ல 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர்னு ஒரு பெரிய கணக்கெடுப்பு சொல்லிச்சு. முழுசா குணமாக்கற மருந்து இன்னும் கெடையாது. அதனாலதான் தடுக்க வழி இருக்குன்னு யார் சொன்னாலும், அது காபியா இருந்தாலும் சரி வல்லாரையா இருந்தாலும் சரி, ஜனங்க ஓடிப்போய் கேக்கறாங்க.

இப்ப அந்த 65க்கு வருவோம். அது பின்லாந்துல பொறந்தது. 1970கள்ல அந்த நாட்டோட கெழக்குப் பக்கம், ரஷ்யா எல்லையை ஒட்டின வட கரேலியாங்கற பகுதில நடுவயசு ஆம்பளைங்க மாரடைப்புல கொத்துக்கொத்தா செத்துக்கிட்டு இருந்தாங்க, அந்த காலத்துல உலகத்துலயே மோசமான ஊருங்கள்ல அதுவும் ஒண்ணு. 1972ல பெக்கா புஸ்கான்னு ஒரு இளவயசு டாக்டர் தலைமைல வட கரேலியா ப்ராஜெக்ட்னு ஒண்ணு ஆரம்பிச்சு வெண்ணெயைக் கொறைங்க, உப்பைக் கொறைங்க, சிகரெட்டை விடுங்கன்னு ஊர் ஊரா போனாங்க. அதுக்காக அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை, 1972, 77, 82, 87ன்னு ஜனங்களைக் கூப்பிட்டு பீபி பாத்து ரத்தம் எடுத்து ஒரு ஃபாரத்தைக் குடுத்து நெரப்பச் சொன்னாங்க. அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி, நாளைக்கு எத்தனை கப் காபி குடிக்கறீங்க. கவனிங்க, டிமென்ஷியாங்கற நெனப்பே அப்ப அங்க கெடையாது, எல்லாம் ஹார்ட்டுக்காக கேட்ட கேள்வி.

அப்புறம் 1998ல வேற ஒரு டீம் அந்தப் பழைய ஃபாரத்தையெல்லாம் தூசு தட்டி எடுத்து, அதுல இருந்தவங்கள்ல 65லேர்ந்து 79 வயசு ஆயிருந்த 1409 பேரைத் திரும்பக் கூப்பிட்டு ஞாபக சக்தி டெஸ்ட் பண்ணாங்க. சராசரியா 21 வருஷம் கழிச்சு. கெய்ட் ஸ்டடின்னு அதுக்குப் பேர். 61 பேருக்கு டிமென்ஷியா இருந்துச்சு, அதுல 48 பேருக்கு அல்சைமர். நடுவயசுல 3லேர்ந்து 5 கப் குடிச்சவங்களுக்கு, ரெண்டு கப்போ அதுக்குக் கம்மியாவோ குடிச்சவங்களை விட வாய்ப்பு 65 சதவீதம் கம்மியா தெரிஞ்சுச்சு. 2009ல அது கட்டுரையா வெளிவந்துச்சு, உலகத்துல இருக்கற அத்தனை பேப்பரும் போட்டுச்சு, பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் எங்க குரூப்புல சுத்திக்கிட்டு இருக்கு.

அந்த 61ங்கற நம்பரை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. 61 பேரை கம்மியா குடிச்சவங்க, நடுத்தரமா குடிச்சவங்க, நெறைய குடிச்சவங்கன்னு மூணா பிரிச்சா ஒவ்வொரு பக்கமும் எத்தனை பேர் வருவாங்க? ஒரு மினி பஸ் கூட நெறையாது. இந்தப் பக்கம் ரெண்டு மூணு பேர் கூடி அந்தப் பக்கம் ரெண்டு மூணு பேர் கொறைஞ்சா சதவீதம் எங்கயோ போயிடும். அவங்க தப்பா பண்ணாங்கன்னு சொல்லல, 21 வருஷம் முன்னாடி எழுதி வச்ச பதிலை வச்சுப் பாத்தது உண்மையாவே பெரிய விஷயம், ஏன்னு கீழ சொல்றேன். ஆனா சின்னக் கூட்டத்துல வர்ற நம்பர் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

இன்னொண்ணு, 65 சதவீதம் கொறையும்னா 100 பேர்ல 65 பேர் தப்பிச்சாங்கன்னு அர்த்தம் இல்ல. இந்த எடத்துலதான் முக்காவாசி பேர் ஏமாறாங்க. கணக்குக்காக சொல்றேன், காபி குடிக்காத 100 பேர்ல 10 பேருக்கு நோய் வரும்னு வச்சுக்கோங்க, அந்த 10லதான் 65 சதவீதம் கொறையுது, அப்ப மூணரை பேருக்கு வரும், ஆறரை பேர் தப்பிச்சாங்க. மிச்ச 90 பேருக்கு குடிச்சாலும் குடிக்காட்டியும் வரப்போறதில்ல. அந்த மூணு நாலு பேர் இருக்காங்க பாருங்க, அவங்க தெனம் குடிச்சும் மாட்டினவங்க, எங்க பெரியப்பா மாதிரி. அதனால அவரைக் காட்டி "பாத்தியா, காபி எல்லாம் சும்மா"ன்னு நான் வாதாடறதும் தப்புதான், ஒரு ஆளை வச்சு எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது. இதை ஒத்துக்க எனக்கே கொஞ்ச நாள் ஆச்சு.

இதெல்லாம் கூட நம்பர் சமாச்சாரம். அதை விட பெருசு ஒண்ணு இருக்கு. ஒண்ணோட வர்றது வேற, ஒண்ணால வர்றது வேற. வாசல்ல வாழைமரம் கட்டின வீட்டுல எல்லாம் கல்யாணம் நடக்குது, அதுக்காக நாம போய் வாழைமரம் வாங்கிக் கட்டினா மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்களா என்ன? காபியும் வாழைமரமா இருக்கலாம்.

எப்படின்னு பின்லாந்தை வச்சே பாப்போம். தலைக்கு ஒரு வருஷத்துக்கு பத்து கிலோவுக்கு மேல காபி குடிக்கற ஊர், உலகத்துலயே முன்வரிசை, நம்ம இந்தியாவோட சராசரி ஒரு கிலோவைக் கூட தொடாது. அங்க வேலை ஒப்பந்தத்துலயே காபி இடைவேளைன்னு எழுதியிருக்கும். அப்ப ஒரு ஆள் நாலு கப் குடிக்கறார்னா அவருக்கு வேலை இருக்கு, கூட உக்காந்து பேச ஆள் இருக்கு, ஒடம்பு ஓரளவு நல்லா இருக்குன்னு கூடவே ஒரு சேதி வருது. அந்த ஊர்ல குடிக்காதவர் யாரு? வயித்துப் புண்ணு, படபடப்பு, தூக்கம் இல்லன்னு டாக்டர் நிறுத்தச் சொன்னவரா இருக்கலாம். அப்ப நாம காபியை அளக்கறோமா, ஆரோக்கியத்தை அளக்கறோமா? ஆராய்ச்சிக்காரங்க இதையெல்லாம் கணக்குல கழிக்கத்தான் பாப்பாங்க, படிப்பு, சிகரெட், பீபி, எடைன்னு ஒவ்வொண்ணா கழிப்பாங்க, ஆனா ஃபாரத்துல கேக்காத விஷயத்தைக் கழிக்க முடியாதுல்ல.

தலைகீழாவும் நடக்கும். அல்சைமர் வெளிய தெரியறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளைக்குள்ள வேலையை ஆரம்பிச்சுடுது. 75 வயசுல ஒருத்தர்கிட்ட போய் காபி குடிக்கறீங்களான்னு கேட்டா, அவர் கொறைச்சதே உள்ள நோய் ஆரம்பிச்சு ருசி மணம் மேல ஆசை விட்டுப்போனதாலயா இருக்கலாம், அப்ப நோய்தான் காபியைக் கொறைச்சிருக்கு, காபி கொறைஞ்சதால நோய் வரல. நடுவயசுல கேட்டு வச்ச பதில் பெரிய விஷயம்னு மேல சொன்னது இதுக்காகத்தான், அங்க இந்த கோளாறு கம்மி.

இந்த எடத்துல ஒரு விசித்திரம். காபிதான் மறதிக்குத் தடுப்பூசின்னா பின்லாந்துல டிமென்ஷியாவே இருக்கக் கூடாது. ஆனா உலகத்துல டிமென்ஷியா சாவு அதிகமா பதிவாகற நாடுங்கள்ல பின்லாந்தும் ஒண்ணு! ஒடனே "அப்ப காபிதான் காரணம்"னு அந்தப் பக்கம் தாவிடாதீங்க, அங்க ஜனங்க நெறைய வயசு வரைக்கும் இருக்காங்க, நோயையும் ஒழுங்கா கண்டுபிடிச்சு சாவு சர்ட்டிபிகேட்ல எழுதறாங்க, நம்ம ஊர்ல "வயசாயிடுச்சு"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவோம். ஒரு நாட்டோட சராசரியை வச்சு தனி ஆளுக்கு ஜோசியம் சொல்லக் கூடாதுங்கறதுக்குத்தான் சொன்னேன்.

சரி, காபிக்குள்ள உண்மைலயே ஏதாவது சரக்கு இருக்கா? இருக்கு. நாம முழிச்சிருக்க இருக்க மூளைல அடினோசின்னு ஒண்ணு சேந்துக்கிட்டே வரும், அது போய் தனக்கான சீட்டுல உக்காந்தா நமக்கு தூக்கம் சொக்கும். காஃபின் என்ன பண்ணும்னா, பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிற ஆள் மாதிரி அந்த எடத்தைப் புடிச்சுக்கும். அடினோசின் வந்து பாத்தா எடம் இல்ல, நின்னுக்கிட்டே இருக்கு, நமக்கு தூக்கம் தெரியல. நாலஞ்சு மணி நேரத்துல பாதி காஃபின் எறங்கிப் போகும், அப்புறம் காத்துக்கிட்டு இருந்ததெல்லாம் மொத்தமா உக்காரும், அதுதான் அந்த சாயங்கால சோர்வு. தெனம் குடிச்சா மூளை பஸ்ஸுல சீட்டைக் கூட்டிடும், அதனாலதான் பழகினவங்களுக்கு ஒரு டம்ளர் எடுபடறதில்ல. இந்த சீட்டுங்களை அடைக்கறது மூளைல அழற்சியைக் கொறைக்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு. 2009ல அமெரிக்காவுல சவுத் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டில, அல்சைமர் வர்ற மாதிரி வளத்த எலிங்களுக்கு மனுஷன் கணக்குல நாளைக்கு 500 மில்லிகிராம் காஃபின் அளவு தண்ணில கலந்து குடுத்துப் பாத்தாங்க, ஞாபகம் தேறிச்சு, அல்சைமர்ல மூளைல படியற அமிலாய்டுங்கற புரதமும் கொறைஞ்சுச்சு. எலிக்கு. எலில தேறின அல்சைமர் வைத்தியம் எத்தனையோ மனுஷன்ல வந்து படுத்துடுச்சு, அதனால இதை ஒரு ஓரமா வச்சுக்கலாம், அதுக்கு மேல வேண்டாம்.

இப்ப சுவாரசியமான எடத்துக்கு வந்துட்டோம். 2026 பிப்ரவரில ஜாமாங்கற மருத்துவப் பத்திரிகைல அமெரிக்க ஆராய்ச்சி ஒண்ணு வந்துச்சு, ஹார்வர்டு ஆளுங்க பண்ணது. நர்ஸுங்களையும் ஆண் மருத்துவத் துறைக்காரங்களையும் வருஷக்கணக்கா பின்தொடர்ற ரெண்டு பழைய ஸ்டடி, மொத்தம் 1,31,821 பேர், அதிகபட்சம் 43 வருஷம். ஒரு தடவை கேட்டுட்டு விடல, சில வருஷத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்ப என்ன சாப்பிடறீங்க என்ன குடிக்கறீங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. டிமென்ஷியா வந்தவங்க 11,033 பேர். பின்லாந்துல 61, இங்க 11,033. காஃபின் உள்ள காபியை ரொம்ப அதிகமா குடிச்ச கூட்டத்துக்கும் ரொம்பக் கம்மியா குடிச்ச கூட்டத்துக்கும் இருந்த வித்தியாசம் 18 சதவீதம். ஆமாங்க, 65 இல்ல, 18. ஆள் பெருகப் பெருக, அளவு நுணுக்கமாக ஆக, அதிசயம் சுருங்கிச்சு பாத்தீங்களா, காபிக்கு மட்டும் இல்ல, முக்காவாசி "அற்புத உணவு" கதைங்களுக்கும் இதே தலையெழுத்துதான். பலன் ரெண்டு மூணு கப் காபிலயோ, ஒண்ணு ரெண்டு கப் டீலயோதான் தெளிவா தெரிஞ்சுச்சு, அதுக்கு மேல ஊத்தினதால கூடுதலா ஒண்ணும் இல்ல. டீக்காரங்களும் சந்தோஷப்படலாம், பின்லாந்துல டீ குடிக்கறவங்களே கம்மிங்கறதால அங்க டீல ஒண்ணும் தெரியல, இங்க தெரிஞ்சுச்சு.

இதுல இன்னொரு விஷயம், காஃபின் எடுத்த டீகாஃப் காபில அந்த பலன் தெரியல. அப்ப காஃபின்தான் வேலை செய்யுதுன்னு தோணும், எனக்கும் மொதல்ல அப்படித்தான் தோணிச்சு. ஆனா டீகாஃபுக்கு மாறறவங்க யாரு? பீபி, தூக்கமின்மை, படபடப்புன்னு ஏற்கனவே ஏதோ ஒண்ணு இருக்கறவங்கதானே? திரும்பவும் அதே வாழைமரம். இந்த முடிச்சு இன்னும் அவிழல.

எதிர்ப்பக்கமும் பாத்துடுவோம். லட்சக்கணக்கான பேரோட ஒடம்பு விவரத்தை சேத்து வச்சிருக்கற இங்கிலாந்து பயோபேங்க்ல இருக்கற கிட்டத்தட்ட 4 லட்சம் பேர் விவரத்தை வச்சு ஆஸ்திரேலியாவுல 2021ல ஒரு கணக்குப் போட்டாங்க. நாளைக்கு 6 கப்புக்கு மேல குடிச்சவங்களுக்கு, ஒண்ணு ரெண்டு கப் குடிச்சவங்களை விட டிமென்ஷியா வாய்ப்பு 53 சதவீதம் கூடுதலா இருந்துச்சு, மூளை அளவும் கொஞ்சம் சின்னதாம். அதையும் பேப்பர்ல "காபி மூளையை சுருக்கும்"னு போட்டாங்க, ஆறு கப்புங்கறதை உள்ள எங்கயோ மூலைல போட்டுட்டாங்க. அப்புறம் மரபணு வழியாவும் பாத்திருக்காங்க. சில பேருக்கு பொறக்கும்போதே காஃபினை சீக்கிரம் செரிக்கற ஒடம்பு, அவங்க தன்னால நெறைய காபி குடிப்பாங்க, இது வேலை, வசதி, பழக்கம் எதையும் பாத்து வர்றதில்ல, சீட்டுக்குலுக்கிப் போட்ட மாதிரி. அப்படிப்பட்டவங்களுக்கு மறதி நோய் கம்மியா இருக்கான்னு பாத்தா, அந்த மாதிரி ஆராய்ச்சிங்கள்ல பாதுகாப்பு எதுவும் தெரியல. என் கணிப்பைக் கேட்டா, அளவா குடிச்சா கெடுதல் இல்லங்கறதுல எனக்கு சந்தேகம் இல்ல, லேசா நல்லதும் இருக்கலாம், ஆனா இதுக்காக காபி குடிக்காத ஆள் போய் பழகணும்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் கையில இல்ல.

டிமென்ஷியா தடுப்பு பத்தி லான்செட் பத்திரிகைல 2024ல வந்த குழு அறிக்கைல மாத்தக்கூடிய காரணம் 14ன்னு பட்டியல் போட்டிருக்காங்க. காது கேக்காதது, கண் பார்வையை கவனிக்காம விடறது, பீபி, சுகர், கெட்ட கொலஸ்ட்ரால், சிகரெட், குடி, தலைல அடி, தனிமைன்னு போகுது, எல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்குங்கறாங்க. காபி அந்தப் பட்டியல்லயே இல்ல. எங்க வீட்டுல பெரியப்பாவுக்கு காது மந்தமானப்ப பத்து வருஷம் கேலி பண்ணிக்கிட்டு இருந்தோமே ஒழிய மெஷின் வாங்கிக் குடுக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணல. அந்த பின்லாந்து காபி கட்டுரைல பேர் இருந்த மீயா கிவிபெல்டோங்கற டாக்டரம்மாவே பிற்பாடு ஃபிங்கர்னு ஒரு சோதனை நடத்தினாங்க, 1260 பேர், ரெண்டு வருஷம், சாப்பாடு, ஒடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பீபி சுகர் கவனிப்பு எல்லாம் சேத்து. 2015ல முடிவு வந்துச்சு, இதெல்லாம் கெடைச்ச கூட்டம், கெடைக்காத கூட்டத்தை விட ஞாபக டெஸ்ட்ல நல்லா தேறிச்சு. அது சீட்டுக் குலுக்கி ரெண்டு கூட்டமா பிரிச்சுப் பண்ண சோதனை, அதனால வாழைமரப் பிரச்சனை அதுல கெடையாது.

இதையெல்லாம் நம்ம டம்ளருக்குக் கொண்டு வரணும்னா சில விஷயம் இடிக்கும். அவங்க சொல்ற கப்புல டிகாஷன் அளவு வேற, நம்ம பில்டர் காபில பாதிக்கு மேல பால், பொடில சிக்கரி வேற. சிக்கரில காஃபின் கெடையாது, சட்டப்படி 49 சதவீதம் வரைக்கும் கலக்கலாம். ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 2024ல சொன்ன காஃபின் கணக்கு 150 மில்லி டிகாஷன் காபில 80லேர்ந்து 120 மில்லிகிராம், இன்ஸ்டன்ட்ல 50லேர்ந்து 65, டீல 30லேர்ந்து 65, மொத்தமா நாளைக்கு 300ஐத் தாண்டாதீங்கன்னு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்ன பின்ன வேண்டாம்னும் சொன்னாங்க, இரும்புச் சத்து ஒடம்புல ஒட்டாதுன்னு.

எனக்கு காஃபினை விட சர்க்கரை மேலதான் பயம். டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன்னு நாலு டம்ளர் போட்டா எட்டு ஸ்பூன், அதுக்கு மேல பிஸ்கட்டு, அந்தப் பட்டியல்ல இருக்கற சுகர் வியாதியை நாமளே தட்டு வச்சு கூப்பிடறோம். மறதி வராம இருக்கன்னு சொல்லி இதைக் குடிக்கறது நல்ல கூத்து. தூக்கமும் அப்படித்தான், படுக்கறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடி 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தா கூட தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல கொறையுதுன்னு 2013ல ஒரு சோதனைல பாத்திருக்காங்க, மூளை தன்னோட கழிவைக் கழுவறது பெரும்பாலும் தூக்கத்துலதான்னு இப்ப பல பேர் நெனைக்கறாங்க. அதனால சாயங்காலம் ஆறு மணி டம்ளரைத்தான் மொதல்ல தூக்கணும், காலை டம்ளரை யாரும் தொட வேண்டாம்.

நோய் வந்துட்டவங்களுக்கு காபி குடுக்கலாமான்னு நெறைய பேர் கேப்பாங்க. காபி மருந்து இல்ல, வந்ததைத் திருப்பாது, ஆனா இருபது வயசுலேர்ந்து குடிச்சவர்கிட்டேர்ந்து திடீர்னு புடுங்கினா தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். டாக்டர் வேற காரணத்துக்காக வேண்டாம்னு சொல்லாத வரைக்கும் காலைல குடுங்க, கை நடுங்கினா பாதி டம்ளரா, சுடாம ஆத்தி குடுங்க. பெரியம்மா மூணு மணிக்கு மேல டிகாஷன் ஊத்தறதையே நிறுத்திட்டா. பால்ல ஒரு ஸ்பூன் சிக்கரி தண்ணி, நெறத்துக்கு. பெரியப்பா ஒரு வாய் குடிச்சுட்டு "இன்னிக்கு தண்ணியா இருக்கே"ம்பார், "பால்காரன் ஏமாத்திட்டான்"னு பெரியம்மா சொல்லுவா, மறுநாளும் அதே கேள்வி அதே பதில். ராத்திரி மட்டும் ஒழுங்கா தூங்கினார்.